வலிப்பு உள்ளவர் வீட்டுக்குப் பயனுள்ள குறிப்புகள்

மாத்தளையில் கிளினிக் நாளன்று வலிப்பு நோயாளி ஒருவர் வைத்தியர் முன்னால் உட்காருவது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் அவருக்கு வலிப்பு வருவதில்லை. வந்தது எப்படிப்பட்ட வலிப்பு என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று வைத்தியர் தீர்மானிக்க முடியும். ஒரு வகையை அடக்கும் மருந்து இன்னொரு வகையைக் கூட்டிவிடலாம். நடந்ததைக் கண்ணால் கண்டவர் அம்மா, மனைவி, பக்கத்து லயத்து அக்கா போன்றவர்கள். நோயாளிக்கே பெரும்பாலும் ஒன்றும் நினைவிருக்காது. அதனால் இந்தக் குறிப்புகள் நோயாளிக்கு எவ்வளவு தேவையோ, கூட இருப்பவருக்கும் அவ்வளவு தேவை. ரத்தோட்டை, எல்கடுவ, கந்தேநுவர தோட்டங்களிலும் உக்குவளை, தம்புள்ளை, கலேவெல, வில்கமுவ பக்கத்திலும் உள்ள வீடுகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. வலிப்பு தொடங்கியதும் முதல் வேலை கடிகாரத்தைப் பார்ப்பது. பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு, மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அது அவசர நிலை.

2. ஆளை அழுத்திப் பிடிக்காதீர்கள். பிடிப்பதால் வலிப்பு நிற்காது, தோள்மூட்டு விலகலாம். தலைக்கடியில் மடித்த துவாயோ சேலையோ வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். அடுப்பு, கத்தி, கல், சுடுதண்ணீர் எதுவும் பக்கத்தில் இருந்தால் அதை அப்புறப்படுத்துங்கள். உதறல் நின்றதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தால் எச்சிலும் நுரையும் வெளியே வழியும், மூச்சு அடைக்காது. முழு நினைவு திரும்பும்வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

3. வாயில் எதையும் வைக்காதீர்கள். கரண்டி, விரல், துணி எதுவுமே வேண்டாம். நாக்கை விழுங்கிவிடுவார் என்ற பயம் தேவையில்லை, அப்படி நடக்க முடியாது. நாக்கின் ஓரம் கடிபட்டாலும் சில நாட்களில் ஆறிவிடும். கரண்டியால் உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போனால்தான் ஆபத்து. கையில் சாவி, இரும்பு கொடுப்பதும் வெங்காயம், செருப்பு முகர வைப்பதும் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. வலிப்பு தானாக நிற்கும் நேரமும் சாவி கொடுத்த நேரமும் ஒன்றாக விழுந்ததால் வந்த நம்பிக்கை அது. கோப்பி, தண்ணீர், மாத்திரை எதையும் ஆள் தெளிவாகப் பேசும்வரை கொடுக்கக் கூடாது.

4. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால், நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தால், வாழ்க்கையில் முதல் முறையாக வந்தால், தண்ணீருக்குள் வந்தால், தலையில் அடிபட்டால், வலிப்பு நின்ற பிறகும் மூச்சு சீராகாவிட்டால் உடனே அழையுங்கள். கர்ப்பிணிக்கும் நீரிழிவு உள்ளவருக்கும் வந்தால் நேரத்தைப் பார்க்கவே வேண்டாம், அழையுங்கள்.

லயம் வரைக்கும் வண்டி ஏற முடியாத தோட்டங்கள் இங்கே ஏராளம். அப்படியானால் நோயாளியை எந்த இடம்வரை கொண்டுவருவது, யார் வீட்டு முச்சக்கர வண்டி, யார் தூக்குவது என்பதை இன்றைக்கே பேசி வையுங்கள். தொழிற்சாலைச் சந்தி, கோயிலடி என்று ஓட்டுநருக்கு எளிதில் புரியும் ஓர் இடத்தைக் குறித்து வைப்பது நல்லது.

5. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் நோயாளியைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் போனில் வீடியோ எடுக்கட்டும். முகம், கண், கை, கால் எல்லாம் தெரிய வேண்டும். ஒரு நிமிட வீடியோ வைத்தியருக்கு அரைமணி நேரப் பேச்சைவிட அதிகம் சொல்லும். மூளை மின்பதிவில் ஒன்றும் தெரியாத நோயாளிகள் நிறையப் பேர் உண்டு. பதிவு சரியாக இருக்கிறது என்பதற்காக வலிப்பு நோய் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. அந்த வீடியோவை ஊராருக்கு அனுப்பாதீர்கள். வைத்தியரிடம் காட்டிய பிறகு அழித்துவிடலாம்.

6. வலிப்பு என்றதும் எல்லோரும் நினைப்பது உடல் விறைத்து, பிறகு கைகால் உதறி, நுரை தள்ளி விழுவதைத்தான். காக்காய் வலிப்பு என்று ஊரில் சொல்வதும் இதையே. மூளையின் இரு பாதியும் ஒன்றாகக் கட்டுமீறி மின்துடிப்பு விடும்போது இது வரும். சிலருக்கு மூளையின் ஒரு மூலையில் தொடங்கி, பிறகு முழுவதும் பரவியும் இதே வடிவில் முடியும். இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே விழுவதற்கு முந்திய வினாடிகளைக் கவனியுங்கள். தலை எந்தப் பக்கம் திரும்பியது? எந்தக் கை முதலில் இழுத்தது? “வயிற்றிலிருந்து ஏதோ மேலே வருது” என்றாரா? இல்லாத நாற்றம் வருகிறது என்றாரா? நின்ற பிறகு ஒரு கை கொஞ்ச நேரம் சோர்ந்து கிடந்ததா? இவற்றைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் தமிழிலேயே எழுதிவிடுங்கள்.

7. விழாமல் வரும் வலிப்புகளும் உண்டு. மூளையின் ஒரு பகுதியில் மட்டும் நிற்கும் வலிப்பில் ஆள் நின்றபடியே வெறிப்பார், உதட்டைச் சப்புவார், பொத்தானைத் தடவிக்கொண்டே இருப்பார், கூப்பிட்டால் பதில் வராது. ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும், நடந்தது நினைவிருக்காது. இதைப் பேய் பிடித்ததாகவும் சாமி வந்ததாகவும் எடுத்துக்கொண்டு மந்திரிக்கப் போவதில் மாதங்கள் வீணாகின்றன. கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. கிளினிக் நாள் மட்டும் தப்பக் கூடாது.

8. பிள்ளை பாடம் எழுதும்போது பத்து வினாடி பென்சில் நின்று, கண் மங்கி, பிறகு ஒன்றும் நடவாததுபோல எழுதத் தொடங்கினால், அதுவும் ஒரு நாளில் பல முறை நடந்தால், “கனாக் காண்கிறான்” என்று அடிக்காதீர்கள். கவனம் அற்றுப்போகும் வகை வலிப்பு அது. ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்தான் முதலில் கண்டிருப்பார்.

9. காலையில் எழுந்ததும் தேநீர்க் கோப்பை கையிலிருந்து தெறிக்கிறதா? பல் துலக்கும்போது கை திடீரென வெட்டுகிறதா? பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குப் பிறகு தொடங்கும் இந்த வெட்டிழுப்பை யாரும் நோயாக எண்ணுவதில்லை, வைத்தியரிடம் சொல்வதும் இல்லை. இதைச் சொல்லாமல் பெரிய வலிப்பை மட்டும் சொன்னால் மருந்துத் தெரிவு பிழைக்கலாம். கார்பமசபின், பெனிடோயின் இரண்டும் இந்த வெட்டிழுப்பையும் 8-ஆம் குறிப்பில் சொன்ன கவனம் அற்றுப்போகும் வலிப்பையும் கூட்டக்கூடியவை. வீட்டார் பார்த்ததைச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

10. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை தூங்கி எழும் நேரத்தில் தலையைக் குனிந்து, கைகளை விரித்து, வயிற்றுவலி வந்ததுபோல அடுக்கடுக்காக மடங்கினால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். சிசு இழுப்பு என்ற வகை அது. தாமதித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். தேவைப்பட்டால் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

11. சாப்பிடும்போது மட்டும் வலிப்பு வருவதும் உண்டு. இது நம் நாட்டில் மற்ற நாடுகளைவிட அதிகமாகப் பேசப்பட்ட வகை. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த நரம்பியல் வைத்தியர் நிமல் சேனாநாயக்க இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சோற்றை உண்ணத் தொடங்கியதும் அல்லது பாதியில் கண் வெறிப்பதோ விழுவதோ அடிக்கடி நடந்தால், எந்த வேளைச் சாப்பாடு, எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சோற்றில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று உறவுக்காரரைச் சந்தேகிப்பதை விட்டுவிடுங்கள்.

12. ஒரு முறை வலிப்பு வந்த எல்லோருக்கும் வலிப்பு நோய் என்று அர்த்தமில்லை. காரணம் எதுவும் இல்லாமல், ஒரு நாளுக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்தால் அந்தப் பெயர் வரும். ஒரே முறைதான் வந்தாலும், மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்று பரிசோதனை காட்டினால் அந்தப் பெயர் வரும். சர்க்கரை இறங்கினாலும், நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினாலும், மூளையில் தொற்று ஏற்பட்டாலும் வலிப்பு வரும். அவற்றுக்கு வைத்தியம் வேறு.

ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. பெரும்பாலும் வளர வளர விட்டுப்போகும். பரசிட்டமோல் பிள்ளையின் அசதியைக் குறைக்கும், ஆனால் காய்ச்சல் வலிப்பைத் தடுக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். முதல் முறையானால் எப்படியும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

13. இப்போது மருந்துகள். பினோபார்பிடோன் 1912-இல் வந்தது, மிகப் பழையது. பெனிடோயின் 1938-இல் வந்தது. கார்பமசபினும் சோடியம் வல்ப்ரோயேட்டும் 1960-களில் வந்தவை. லாமோட்ரிஜின், டோபிராமேட், லெவெடிராசெட்டம் ஆகியவை பிந்தியவை. சில மருந்துகள் நரம்பணுவுக்குள் சோடியம் புகும் வாசலை அடக்கி, அணு ஓயாமல் துடிப்பதை நிறுத்துகின்றன. சில, மூளையின் சொந்த அமைதிப் பொருளான காபாவுக்குத் துணை நிற்கின்றன.

எது யாருக்கு? ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்குக் கார்பமசபின், லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் ஆகியவை முன்வரிசையில் நிற்கின்றன. முழு மூளையிலும் தொடங்கும் பெரிய வலிப்புக்கும் வெட்டிழுப்புக்கும் வல்ப்ரோயேட் வலுவானது. ஆனால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அதில் பெரிய சிக்கல் உண்டு, 22-ஆம் குறிப்பைப் பாருங்கள். கவனம் அற்றுப்போகும் வலிப்புக்கு எதோசக்சிமைட்டோ வல்ப்ரோயேட்டோ கொடுப்பார்கள். குளோபசாம், குளோனசெபாம் பெரும்பாலும் மற்ற மருந்தோடு துணையாகச் சேர்க்கப்படுபவை. பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாக வேலை செய்த மாத்திரையை உங்கள் வீட்டில் கொடுக்கக் கூடாது என்பதன் காரணம் இதுதான்.

14. எந்தத் தொந்தரவுக்கு ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம்?

கார்பமசபின், லாமோட்ரிஜின், பெனிடோயின், பினோபார்பிடோன் தொடங்கிய முதல் சில கிழமைகளில் உடலில் தடிப்பு வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப்புண் சேர்ந்தால் இரவென்றும் பார்க்காதீர்கள். தோலே உரிந்து உயிருக்கு ஆபத்தாகும் ஒவ்வாமை அது. லாமோட்ரிஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்டுவார்கள், அதற்கும் இந்தப் பயம்தான் காரணம். “சீக்கிரம் கூட்டுங்க” என்று வைத்தியரை நெருக்காதீர்கள்.

வல்ப்ரோயேட் எடுப்பவருக்கு விடாத வாந்தி, சோர்வு, மஞ்சள் கண் வந்தால் கல்லீரலைச் சோதிக்க வேண்டும். எடை கூடுவதும் முடி கொட்டுவதும் கை நடுங்குவதும் அடுத்த கிளினிக்கில் சொல்ல வேண்டியவை. பெனிடோயினில் முரசு வீங்கும். காலையும் இரவும் பல் துலக்கினால் அது குறையும். தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும் வந்தால் மருந்து கூடிவிட்டது என்று பொருள். இந்த மருந்தில் அளவைச் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் பெருமளவு ஏறிவிடும், ஆகவே சொந்தமாக ஒரு மாத்திரைகூடக் கூட்டாதீர்கள். லெவெடிராசெட்டம் தொடங்கியபின் ஆள் எரிந்து விழுகிறார், அழுகிறார், வாழப் பிடிக்கவில்லை என்கிறார் என்றால் அதை அவருடைய குணமாக எண்ணாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். பினோபார்பிடோனில் சில பிள்ளைகள் தூங்கி வழிவார்கள், சிலர் அடங்காமல் துள்ளுவார்கள்.

எந்தத் தொந்தரவு வந்தாலும் சொந்த முடிவில் திடீரென நிறுத்துவது கூடாது. பல நாள் எடுத்த மருந்தைச் சட்டென விட்டால் நிற்காத வலிப்பு தொடர்ந்து வந்து உயிரையே எடுத்துவிடலாம். தடிப்பு வந்தவருக்கு மருந்தை நிறுத்தி வேறு கொடுப்பதையும் வைத்தியசாலையிலேயே செய்வார்கள்.

15. ரிவர்ஸ்டன் பக்கத்து மழையும் லயத்து ஈரச் சுவரும் மாத்திரைக்கு எதிரி. கார்பமசபின் மாத்திரை ஈரம் குடித்தால் அதன் வேலையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். வல்ப்ரோயேட்டும் ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும். மாத்திரைப் பட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்துக் கடதாசிப் பையில் போட்டு வைக்காதீர்கள். பட்டையோடு, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் தூரமாக, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மருந்து ஒழுங்காக எடுத்தும் மழைக் காலத்தில் வலிப்பு கூடினால் டப்பாவையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

16. பெனிடோயின் பாணி மருந்தை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கும். மேல்பாதியை எடுக்கும் கிழமைகளில் வலிப்பு வரும், அடிப்பாதியை எடுக்கும்போது பிள்ளை தள்ளாடும். பாணிக்கு அளவு ஊசிக்குழாயையே பயன்படுத்துங்கள், குசினிக் கரண்டியில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. குடல்வரை கரையாதபடி பூச்சிட்ட வல்ப்ரோயேட்டையும் மெதுவாக விடும் வகை மாத்திரைகளையும் பொடியாக்கக் கூடாது.

17. ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து எடுக்கக் கூடாது. நம்மவர் மறப்பது பெரும்பாலும் காலை அவசரத்தில்தான்: கொழுந்துக்குப் போகும் நேரம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம். மாத்திரையைத் தேநீரோடு சேர்த்தே வையுங்கள். முதல் தேநீர் குடிக்காமல் வீட்டை விட்டுப் போகிறவர் யாரும் இல்லை.

18. போன மாதம் வெள்ளை, இந்த மாதம் இளஞ்சிவப்பு. “மருந்தை மாத்திட்டாங்க” என்று பாதியில் விட்டவர்கள் உண்டு. கொள்வனவு மாறும்போது அதே மருந்து வேறு நிறத்தில் வரும். நிறத்தைப் பார்க்காமல் பெயரையும் மில்லிகிராம் அளவையும் பாருங்கள். 200 மில்லிகிராமுக்குப் பதில் 400 வந்திருந்தால் எத்தனை மாத்திரை என்பதும் மாறும். பாமசி ஜன்னலில் நின்றே கேட்டு, உறையின் மேல் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் புரியாவிட்டால் பட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பி தொலைந்த அன்று அந்தப் படம் கைகொடுக்கும்.

19. கிளினிக் நாளில் சம்பளம் போகும், பஸ்ஸுக்குக் காசு போகும், ஒரு நாள் முழுதும் வரிசையில் போகும். அதனால்தான் பலர் “வலிப்பு வரலையே, அடுத்த மாதம் போகலாம்” என்கிறார்கள். அடுத்த மாதத்துக்கு முன்னே மாத்திரை தீர்ந்துவிடுகிறது. திரும்ப வரும் வலிப்புக்கு முதல் காரணம் மருந்து தவறுவதே. கண்டி தேசிய வைத்தியசாலையில் நரம்பியல் கிளினிக் உள்ளவர்கள், நிலை சீராக இருந்தால் மாத மருந்தை வீட்டுக்குப் பக்கத்து அரச வைத்தியசாலையில் எடுக்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

எப்போதும் இரண்டு கிழமை மருந்து கையிருப்பில் இருக்கட்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளிலேயே மருந்துத் தட்டுப்பாடு வந்ததைப் பார்த்தோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவால் மலையக வீதிகள் அடைபட்டன. மருந்து, கிளினிக் கொப்பியின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் தண்ணீர் புகாத பையில் கட்டி, வீட்டை விட்டு ஓட நேர்ந்தால் முதலில் எடுக்கும் இடத்தில் வையுங்கள்.

20. கற்பூரத்தைப் பிள்ளை வாயில் போட்டால் வலிப்பு வரும், வலிப்பு நோய் இல்லாத பிள்ளைக்கும் வரும். சாமி மாடத்தில் எட்டும் உயரத்தில் கற்பூரப் பெட்டி வைக்காதீர்கள். கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் சேர்ந்த தைலங்களைத் தேய்த்தபின் வலிப்பு வந்தவர்களைப் பற்றி இந்திய வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். வலிப்பு உள்ளவருக்குச் சளி என்றால் ஆவி பிடிக்க வெறும் சுடுதண்ணீர் போதும்.

வலி மாத்திரையான டிரமடோல், சிப்ரோபுளொக்சசின் போன்ற சில கிருமிக்கொல்லிகள் வலிப்பைத் தூண்டலாம். எந்த வைத்தியரிடம் போனாலும், தனியார் டிஸ்பென்சரியானாலும், முதலில் கிளினிக் கொப்பியை நீட்டுங்கள்.

21. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேரும் வீதிக்கு வரும் நாட்களில் இரவிரவாக விழிப்பது நம் ஊர் வழக்கம். வலிப்பு உள்ளவர் பகலில் சாமி பார்த்துவிட்டு இரவில் தூங்கட்டும், அம்மன் குறை சொல்லமாட்டாள். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் இரவில் மரக்கறி மூடை ஏற்றுகிறவர்கள் முடிந்தால் பகல் வேலைக்கு மாறுங்கள். நோன்பு, விரதம் இருக்க விரும்பினால் மருந்து நேரத்தை எப்படி அமைப்பது என்று முன்கூட்டியே கேளுங்கள், பட்டினியோடு மருந்தையும் விடாதீர்கள். சாராயமும் கசிப்பும் முழுதாக வேண்டாம்.

22. பெண்களுக்கு. வல்ப்ரோயேட் எடுக்கும்போது கருவுற்றால் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வரலாம். பத்தில் மூன்று, நான்கு குழந்தைகளுக்குப் பேச்சும் படிப்பும் பின்தங்கலாம். ஆகவே திருமணப் பேச்சு தொடங்கும்போதே வைத்தியரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துக்கு மாற மாதங்கள் ஆகும். கருவுற்றது தெரிந்த அன்று பயந்துபோய் மருந்தை விட்டுவிடுவதும் பெரிய ஆபத்து, பெரிய வலிப்பு தாயையும் பிள்ளையையும் சேர்த்துத் தாக்கும். போலிக் அமிலத்தைக் கருவுறுவதற்கு முன்பே தொடங்க வேண்டும், அளவை வைத்தியர் சொல்வார். லாமோட்ரிஜின் எடுப்பவருக்குக் கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் மருந்து குறையும், இடையிடையே அளவு கூட்ட நேரும். பெரும்பாலானவர்கள் தாய்ப்பால் கொடுக்கலாம்.

கார்பமசபின், பெனிடோயின், பினோபார்பிடோன் எடுப்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரையும் கையில் வைக்கும் கருத்தடைக் குச்சியும் சரியாக வேலை செய்யாது. லூப்புக்கும் மூன்று மாத ஊசிக்கும் அந்தச் சிக்கல் இல்லை. குடும்பநல உத்தியோகத்தரிடம் எந்த மாத்திரை எடுக்கிறீர்கள் என்று சொல்லியே கேளுங்கள்.

இதுவரை வலிப்பே இல்லாத கர்ப்பிணிக்கு ஐந்து மாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்தால் அது பெரும்பாலும் இரத்த அழுத்தம் ஏறியதால் வருவது. நிமிடம் தாமதிக்காதீர்கள்.

23. சிறுநீரக நோய் உள்ளவருக்கு. வில்கமுவ பக்கத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவலாக இருப்பது எல்லோரும் அறிந்ததே. லெவெடிராசெட்டமும் டோபிராமேட்டும் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்துகள். சிறுநீரகம் தளர்ந்தால் அளவைக் குறைக்க வேண்டும். டோபிராமேட்டால் சிறுநீரகக் கல்லும் வரலாம். இரண்டு கிளினிக்குக்கும் இரண்டு கொப்பி இருந்தால் இரண்டையும் ஒன்றாகக் கட்டி எடுத்துப் போங்கள்.

24. தண்ணீர், நெருப்பு, உயரம். இந்த மூன்றும் வலிப்பு உள்ளவரின் உயிரை எடுக்கக்கூடியவை. சுதுகங்கை, அம்பன் கங்கை, குளம், கிணறு எங்கும் தனியே குளிக்கக் கூடாது. பீலியில் நின்று குளிப்பதும் வாளியில் அள்ளி ஊற்றிக் குளிப்பதும் மேல். குளியலறைக் கதவுக்கு உள்தாழ் வேண்டாம். விறகடுப்பில் ஒருவர் தனியே நிற்க நேர்ந்தால் அடுப்பைத் தரையில் வைக்காமல் இடுப்புயர மேடையில், சுவரை ஒட்டி வையுங்கள். கொதிக்கும் பானையைத் தூக்கிச் சோறு வடிப்பதை வேறொருவர் செய்யட்டும். குப்பி விளக்கை விட்டு டோர்ச்சுக்கு மாறுங்கள்.

மாத்தளை மிளகுத் தோட்டங்களில் ஏணி வைத்துப் பறிக்கும் காலம் வரும்போது வலிப்பு உள்ளவர் கீழே நின்று பொறுக்கட்டும், காய வைக்கட்டும், உதிர்க்கட்டும். கராம்பு, பாக்கு, தென்னை மரங்களும் அப்படித்தான். வேலையிலிருந்தே தள்ளி வைப்பதைவிட வேலையை மாற்றிக் கொடுப்பது கங்காணிக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது. மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வைத்தியர் சம்மதிக்கும்வரை ஓட்டக் கூடாது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான வைத்தியச் சான்றிதழ் எடுக்கும்போது வலிப்பை மறைப்பவர் பின்னால் இருக்கும் பயணியின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

25. இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், சரியாக எடுத்தும் வலிப்பு அடங்காவிட்டால், மூன்றாவது மாத்திரையோடு நின்றுவிடாமல் அறுவைச் சிகிச்சை பொருந்துமா என்று நிபுணரிடம் கேளுங்கள். ஒரே மூலையில் தொடங்கும் வலிப்புகளில் சிலவற்றுக்கு அது முழு விடுதலை தரும். தென்னிந்தியாவில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் இந்த அறுவைச் சிகிச்சை நடந்து வருகிறது.

26. பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியருக்குச் சொல்லி, முதல் மூன்று குறிப்புகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிள்ளையை விளையாட்டிலிருந்து முழுதாக நிறுத்த வேண்டாம், நீச்சலும் ஏறுவதும் மட்டும் ஆள் துணையோடு இருக்கட்டும்.

27. கல்யாணத்துக்கு முன் மறைக்காதீர்கள். மறைத்துக் கட்டிக் கொடுத்த பெண், புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து வைக்கிறாள். ஒளித்து வைத்ததை எடுக்க நேரம் கிடைப்பதில்லை. தூக்கமும் கெடுகிறது. கல்யாண வாரத்திலேயே வலிப்பு வருகிறது, அதன்பின் வருவது பெரிய சண்டை. இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது, 1999-இல் அதை நீக்கிவிட்டார்கள்.  உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது, சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 வீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம். இப்படிப்பட்ட நோயை மறைத்து ஒரு குடும்பத்தைத் தொடங்குவதில் நியாயம் இல்லை. சொன்ன பிறகும் சம்மதிக்கும் வீட்டில் கொடுங்கள்.

28. எப்போது மருந்தை நிறுத்தலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஒரு வலிப்பும் வராமல் இருந்தால் வைத்தியர் அதைப் பற்றி யோசிப்பார், வகையைப் பொறுத்து முடிவு வேறுபடும். காலையில் கை வெட்டும் வகையினர் பலருக்கு நீண்ட காலம், சிலருக்கு வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டியிருக்கும். நிறுத்தினாலும் மாதக்கணக்கில் படிப்படியாகவே குறைப்பார்கள். அந்த மாதங்களில் வண்டி ஓட்டுவதும் மரம் ஏறுவதும் வேண்டாம்.

இதை வாசித்து முடித்ததும் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஒரு கிழமைக்குக் குறைவாக இருந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல், நாளைக்கே கொப்பியோடு வைத்தியசாலைக்குக் கிளம்புங்கள்.